சென்னையில தினமும் ஆபீஸுக்கு சைக்கிள்ல போகலாம்னு இருக்கேன். சைக்கிள் திருட்டு அவ்வளவு மோசமா? நல்ல பூட்டு போட்டா போதாதா?

தாராளமா சைக்கிள் வாங்குங்க. ஆனா எந்த பூட்டுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி எங்க நிறுத்துவீங்க, ஆபீஸ்ல எங்க நிறுத்துவீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க. எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல காணாம போன சைக்கிள் எல்லாமே அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இருந்துதான் போச்சு, நடுரோட்டுல இருந்து போனது ஒண்ணு கூட இல்ல.

என்னோடதும் அப்படித்தான் போச்சு. வேளச்சேரி பக்கம் வீடு, கேட் இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு, சிசிடிவி இருக்கு. கியர் சைக்கிள், பதினெட்டாயிரம் கிட்ட ஆச்சு, மழைத்தண்ணி பைப்போட சேர்த்து கேபிள் லாக் போட்டு வச்சிருந்தேன். காலைல போய் பார்த்தா கேபிள் மட்டும் ரெண்டு துண்டா தரையில கிடக்கு, பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்குற கம்பி எல்லாம் தும்பு தும்பா பிரிஞ்சு நிக்குது. சிசிடிவில பார்த்தோம், முதுகுல பை மாட்டின ஒரு பையன் சாவகாசமா உள்ள வரான், கொஞ்ச நேரம் குனிஞ்சு ஏதோ பண்றான், அப்புறம் வண்டியை உருட்டிட்டு கேட்டுக்கு வரான், நம்ம வாட்ச்மேன் அண்ணனே எழுந்து வந்து கேட்டைத் திறந்து விடுறாரு! கேட்டா "யாரோ நம்ம வீட்டுப் பையன்னு நெனச்சேன் சார்"ங்கிறாரு. அவரை என்ன சொல்ல முடியும். யாரோ ஒருத்தன் பைக்கை ஸ்டார்ட் பண்ணாம உருட்டிட்டுப் போனா நாலு பேர் என்னன்னு கேப்பாங்க, சைக்கிளை தோள்ல தூக்கிட்டுப் போனாக் கூட பாவம் பஞ்சர் போலன்னு வழி விடுவாங்க.

ஸ்டேஷனுக்குப் போனேன். "வண்டியா, சைக்கிளா தம்பி?"ன்னு கேட்டாங்க, சைக்கிள்னதும் பேனாவைக் கீழ வச்சிட்டாங்க. ஆனா இதுல சட்டத்துலயே ஒரு சிக்கல் இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 2024 ஜூலைல பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சுல்ல, அதுல திருட்டுக்கு 303வது பிரிவு. போன பொருள் 5000 ரூபாய்க்குக் கீழன்னா போலீஸ் நேரடியா விசாரிக்கிற குற்றமே இல்ல, மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் வேணும். திருடினவன் முதல் தடவை மாட்டி, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் குடுத்துட்டா தண்டனை சமூக சேவைதான். விலை கூடின செல்போனைப் பறிகுடுத்தவங்களுக்கு இது பெருசா தெரியாது, ஆனா நம்ம ஊர்ல ஓடுற சாதா சைக்கிள்ல ரெண்டு வருஷம் ஓட்டினது பெரும்பாலும் 5000 தாண்டாது. அதனால பில்லை பத்திரமா வைங்க, பில் இருந்தா மதிப்பைக் காட்ட ஒரு ஆதாரமாவது இருக்கும். அப்புறம், குடியிருக்கிற கட்டிடத்துக்குள்ள இருந்து எடுத்தா அது 305வது பிரிவு, அங்க இந்த 5000 கணக்கே கிடையாது. பார்க்கிங் ஏரியா இதுல வருமான்னு போலீஸ் இழுக்கலாம், இருந்தாலும் கம்ப்ளெய்ண்ட்ல "அபார்ட்மெண்ட் கட்டிடத்துக்குள்ள இருந்து"ன்னு தெளிவா எழுதுங்க. குறைஞ்சபட்சம் சிஎஸ்ஆர் ரசீதாவது, அதாவது புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீதாவது, வாங்காம வெளிய வராதீங்க.

ஃபிரேம் நம்பர் கேப்பாங்க. பெரும்பாலும் சைக்கிளைத் தலைகீழா கவுத்தா பெடல் அச்சு போற குழாய்க்கு அடியில குத்தியிருக்கும். வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சிருங்க. கார், பைக் மாதிரி ஆர்சி, நம்பர் பிளேட் எதுவும் இல்லாத வண்டிக்கு அந்த நம்பர்தான் ஜாதகம். அந்தக் காலத்துல பஞ்சாயத்து, முனிசிபாலிட்டில சைக்கிளுக்கு வரி கட்டி தகர வில்லை வாங்கி மாட்டணும், வில்லை இல்லன்னா பிடிப்பாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. வரியை எடுத்தது நல்லதுதான், ஆனா அதோட சைக்கிள் ஒரு வண்டிங்கிற நெனப்பும் கவர்மெண்டுக்குப் போயிடுச்சு.

பூட்டுக்கு வருவோம். பின் சக்கரத்துல வர்ற ரிங் பூட்டு சும்மா, பின்னாடி தூக்கிட்டு நடந்தா முடிஞ்சது. கேபிள் லாக் கட்டருக்கு ஒரு நிமிஷம் கூட தாங்காது. யூ-லாக் வாங்குங்க, அதாவது U எழுத்து மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்புப் பூட்டு, பின் சக்கரம், ஃபிரேம், தரையில பதிச்ச கம்பி மூணும் சேர்ந்து உள்ள வர மாதிரி போடுங்க. முன் சக்கரமும் சீட்டும் ஸ்பேனர் இல்லாம கையாலயே கழட்டுற குயிக் ரிலீஸா இருந்தா கடையிலயே சாதா போல்ட்டு மாத்திக் கேளுங்க, இல்லன்னா சைக்கிள் இருக்கும் சீட் இருக்காது. இரும்பு வெட்டுற கிரைண்டர் மெஷினோட வரவனை பெரும்பாலான பூட்டால தடுக்க முடியாதுதான், ஆனா பார்க்கிங்ல கிரைண்டர் சத்தம் கேட்டா வாட்ச்மேன் அண்ணன் கூட எழுந்துருவாரு.

திருட்டு பயத்தால ஊருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஈசிஆர் போய் பாருங்க. அம்பதாயிரம், லட்ச ரூபா சைக்கிள் எல்லாம் வரிசையா மகாபலிபுரம் போகுது. அதுல ஒண்ணு கூட திங்கக்கிழமை தெருமுனை காய்கறிக் கடைக்கு வராது, ஏன்னா அங்க விட்டுட்டு உள்ள போக மனசு வராது. போயிட்டு நேரா வீட்டுக்கு வந்து பெட்ரூம்ல நிறுத்துறாங்க. என் பிரெண்டு ஒருத்தன் மூணாவது மாடிக்கு தினமும் தூக்கிட்டுப் போனான், லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னு அசோசியேஷன் ரூலு, ஒரு கட்டத்துல வெறுத்துப்போய் ஸ்கூட்டர் வாங்கிட்டான். நானும் சைக்கிள் போன பிறகு ரொம்ப நாள் பைக்லதான் போனேன், காசு இல்லாம இல்ல, திரும்ப ஒண்ணு வாங்கி அதைக் காவல் காக்கணுமேங்கிற அலுப்பு.

நமக்காவது பைக் இருக்கு. ராத்திரி கேரியர்ல டீ கேன் கட்டிட்டு வர்றவரு, ரெண்டு தெரு தள்ளி டியூட்டிக்கு வர்ற செக்யூரிட்டி, இவங்க சைக்கிள் போனா அடுத்த நாள் வருமானம் போச்சு. அதுதான் அந்த 5000க்குக் கீழ வர்ற சைக்கிள். அவங்க கம்ப்ளெய்ண்ட் குடுக்கவே போறதில்ல, அரை நாள் கூலியை விட்டுட்டு ஸ்டேஷன் பெஞ்சுல யாரு உக்காருவாங்க.

வீட்டுப் பொருளுக்கு ஹவுஸ்ஹோல்டர் பாலிசி எடுத்தா சில கம்பெனில பெடல் சைக்கிளுக்கே தனிப் பிரிவு உண்டு, ஏஜெண்ட் தானா சொல்ல மாட்டாரு, நீங்க கேக்கணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறதா இருந்தா பில் இல்லாம வாங்காதீங்க. பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு திருட்டு வண்டின்னு தெரிஞ்சே வாங்கினா 317வது பிரிவுல நீங்களும் உள்ள வருவீங்க. முதல்ல ஆபீஸ் அட்மின்கிட்ட பேசி பைக் பார்க்கிங் ஓரத்துல ஒரு இரும்புக் கம்பி பதிச்சுத் தரச் சொல்லுங்க, அதுக்கு ஆகுறது சின்ன செலவுதான். "சைக்கிளுக்கெல்லாமா சார்"னு இழுத்தாங்கன்னா, உள்ள மடிச்சு எடுத்துட்டுப் போற ஃபோல்டிங் சைக்கிளா பாருங்க.