ஆர்டர் ஓடிப்போகுமா?

கேள்வி: பாதுகாப்பு, உரிமை என்று கெடுபிடி செய்தால் ஆர்டர் எல்லாம் பங்களாதேஷுக்குப் போய்விடாதா?
– பனியன் கம்பெனி மேலாளர் ஒருவர், திருப்பூர்

பதில்: கெடுபிடி அதிகம் நடந்ததே அந்த பங்களாதேஷில்தான், ஐயா!

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கட்டிய கட்டடத்தில் அனுமதியில்லாமல் மாடிகளை ஏற்றி, மேலே தையல் மெஷின்களையும் ஜெனரேட்டர்களையும் வைத்திருந்தார்கள். முதல் நாளே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேலே இருந்த கார்மென்ட்ஸ் கம்பெனிகளோ சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டி ஆட்களை உள்ளே அனுப்பின. இத்தனைக்கும் அவற்றில் சில, பையர்களின் ‘சோஷியல் ஆடிட்’ (தொழிலாளர் நிலையைப் பார்க்கும் தணிக்கை) நடந்தவை. ஆடிட்டர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார், முதலுதவிப் பெட்டியைத் திறப்பார். தூணைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லையே!

அடுத்த மாதமே, ஆலைகளின் கட்டட, தீப் பாதுகாப்புக்கான ‘அக்கார்ட்’ ஒப்பந்தம் வந்தது. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டன; மீறினால் பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். சுமார் 1,600 ஆலைகளுக்கு இன்ஜினியர்கள் போனார்கள். ஆய்வறிக்கை ஆலையின் பெயரோடு வெளியானது. குறையைச் சரிசெய்ய மறுத்த ஆலைக்கு, கையெழுத்திட்ட எந்த பிராண்டும் ஆர்டர் கொடுக்க முடியாது. ஆபத்து தெரிந்தால் வேலையை மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது.

இன்ஜினியர்கள் கண்டது என்ன? திருட்டுப் போகும் என்ற பயத்தில் மாடிப்படியில் பூட்டு போட்ட இழுப்புக் கேட்டுகள். அவற்றைக் கழற்றி எடுத்து, படிக்கட்டைச் சுவரால் அடைத்து, தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு மாட்டச் சொன்னார்கள். (புழுக்கம் என்று அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டால் புகை நேராகப் படிக்கட்டில் ஏறும், காசு கொடுத்து மாட்டிய கதவு தண்டம்.) வரைபடமே இல்லாத கட்டடங்களில் தூணிலிருந்து கான்கிரீட் துண்டு எடுத்துச் சோதித்தார்கள், உள்ளே எத்தனை கம்பி என்று ஸ்கேன் செய்தார்கள். பலவீனமான தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டி கான்கிரீட் போர்த்தினார்கள். மேல் மாடியில் துணி பேல்களை எவ்வளவு அடுக்கலாம் என்றும் வரம்பு வைத்தார்கள்.

இதனால் ஆர்டர் ஓடியதா? 2012–13ல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த பங்களாதேஷின் ஆடை ஏற்றுமதி, 2018–19ல் 3,400 கோடியைத் தாண்டியது. உங்கள் ஆர்டரை அவர்கள் பக்கம் இழுத்ததில் வரிக்கும் பெரிய பங்குண்டு: ஏழை நாடு என்ற சலுகையில் அவர்களது ஆடை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போனது, அந்த ஆண்டுகளில் நம் ஆடைக்கு 9 சதவீதத்துக்கு மேல் வரி.

கூலி மட்டும் ஆமை வேகம்தான். 2013ல் 5,300 டாகாவாக (அந்நாட்டுப் பணம்) இருந்த மாதக் குறைந்தபட்சக் கூலி 2018ல் 8,000, 2023ல் 12,500. பிராண்டுகள் கட்டடத்துக்குப் பொறுப்பேற்ற அந்த ஒப்பந்தத்தில் கூலி உயர்வு இடம்பெறவில்லை. ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே பழைய கதையே தொடர்ந்தது. 2021 ஜூலையில் ரூப்கஞ்சில் ஒரு ஜூஸ் ஆலை எரிந்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அங்கும் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது.

நம்மூரிலும் முன்மாதிரி உண்டு. 2022ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பெண்கள் மீதான அத்துமீறலைத் தடுக்க, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கத்தோடு ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகளும் சேர்ந்தன. லைனிலேயே வேலை பார்த்த, பயிற்சி பெற்ற தொழிலாளர்கள்தான் அங்கே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அவர்களே புகார் கொடுக்க வழி வந்தது. ஆடிட்டர் வரும் தேதியைச் சொல்லி வைத்துத் தரையைக் கழுவும் வேலை இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பலிக்காது. அடுத்த முறை பையர் வந்து உங்களிடம் ஆடிட் சர்டிபிகேட் கேட்டால், இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.