சர்வே எடுக்கவா படிக்க வைத்தேன்? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலை தெரிகிறது. சைக்காலஜி முடித்த மகள் புற்றுநோய் ஆராய்ச்சிப் பக்கம் போகிறேன் என்கிறாள். டாக்டரும் இல்லை, லேப் படிப்பும் இல்லை, அங்கே அவளுக்கு என்ன வேலை என்பது ஒன்று. "கையில் பேப்பரோடு வீடு வீடாக அலையவா படிக்க வைத்தேன்?" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைத் தூங்க விடவில்லை என்று நினைக்கிறேன்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 10. அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. அப்புறம் ஏன் வரவில்லை? வெட்கமா, பயமா, ஒரு நாள் கூலி போய்விடுமே என்றா, மாமியார் என்ன சொல்வாரோ என்றா? இதற்கு மைக்ரோஸ்கோப்பில் பதில் கிடைக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கத் தெரிந்த ஆள்தான் ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்களுக்குத் தேவை.

கேட்பது அவ்வளவு பெரிய வித்தையா என்பீர்கள். கிராமத்துப் பாட்டியிடம் "புகையிலை பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்பார். வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை கன்னத்தில் அதக்கியிருக்கும். பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது வெற்றிலை போடுவது, அவ்வளவுதான். அந்த 'இல்லை'யை நம்பி வாய்ப்புற்றுநோய் ஆய்வு நடத்தினால், பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணர் வந்தும் சரிசெய்ய முடியாது.

நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க கியூ.எல்.கியூ-சி30 என்று ஐரோப்பாவில் உருவான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 30 கேள்விகள், தமிழிலும் உண்டு. இப்படி ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். அதை ஒன்றாக்கி, வேறு ஆட்கள் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு சில நோயாளிகளிடம் கொடுத்து, "இதைப் படித்ததும் என்ன புரிந்தது?" என்று விசாரிப்பார்கள். மன இறுக்கம் பற்றிய கேள்வியில் 'டென்ஷன்' என்று போட்டால் நம்மூரில் பலர் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. "அவருக்குக் கேன்சர்னு தெரியாது, சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே கையைப் பிடிக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தலைப்பிலேயே புற்றுநோய் என்று அச்சடித்த தாளை அவரிடம் எப்படி நீட்டுவது? அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது எப்படி? இதையெல்லாம் யோசித்து, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விளக்கம் எழுதுவதும் உங்கள் மகள் வேலையில் சேரும். வீடு வீடாகப் போவது அதில் ஒரு பகுதிதான். அது கௌரவக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. களத்துக்கே போகாதவர் எழுதும் கேள்வித்தாள் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டத்துக்கான நிதி தீர்ந்தால் வேலையும் போகும். சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட வேண்டாம். நோயாளிகளின் கதைகளை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சில இரவுகள் சாப்பாடு இறங்காது. அதற்குப் பேச்சுத் துணையாக நீங்கள் இருக்க வேண்டியிருக்கும்.

இளங்கலையோடு நிற்கக் கூடாது. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், குடும்பநல ஆய்வை நடத்தும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. சமூகப் பணியில் முதுகலை என்றால் சென்னையிலேயே நல்ல கல்லூரிகள் உண்டு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. அங்கே நடப்பதை அவள் ஒருமுறை பார்த்து வருவது நல்லது. அவளுக்குப் புள்ளியியல் என்றால் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை இப்போதே போக்கியாக வேண்டும், அதில் சமரசம் இல்லை.

சேர்க்கைக்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகாததற்கான காரணங்களைப் பற்றிப் பத்துக் கேள்வி எழுதி, தெருவில் மூன்று பெண்களிடம் அனுமதி வாங்கி, பேச்சைப் பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அந்தத் தாள்களோடு அவள் வரட்டும், நீங்களும் கூட வாருங்கள். எந்தப் படிப்பு என்று அப்போது பேசுவோம்.