மேக்ரோஃபேஜ் நல்லதா கெட்டதா? ஆஸ்துமா கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நம் அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, தூசியைத் தின்று சுத்தம் செய்வதுதானே மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் வேலை? அதுவே ஏன் அழற்சியைக் கிளப்புகிறது?

எல்லாம் ஒரே ரகமல்ல, தம்பி. நுரையீரலின் காற்றுப்பைகளில் குடியிருப்பவை நாம் பிறந்த சமயத்திலேயே அங்கு வந்து சேர்ந்து, பெரும்பாலும் அங்கேயே பெருகுபவை. தூசியைச் சத்தமில்லாமல் விழுங்கி, மற்ற செல்களையும் அடக்கி வைக்கும். எலிகளில் இவற்றை நீக்கினால் ஒவ்வாமை அழற்சி கூடுகிறது. அழற்சி தொடங்கியதும் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் வந்திறங்கிப் புது மேக்ரோஃபேஜ்களாக மாறும். வம்பு பெரும்பாலும் இவற்றால்தான். ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்கள் பட்டதும் குணம் மாறி, ஈசினோஃபில்களை (ஒவ்வாமையில் பெருகும் வெள்ளை அணுக்களை) அழைக்கும் பொருட்களைச் சுரக்கும். பழைய குடிகளையும் சேர்த்துத் திட்டாதீர்கள்!

மெர்பேங்கிலிருந்து: இந்த அழற்சியை முதலில் தொடங்கி வைப்பது யார்?

மூச்சுக்குழாயின் உள்படலம். நம் கடற்கரை ஈரத்தில் மெத்தைகளில் தூசி உண்ணிகள் செழிக்கும். அவற்றின் எச்சத்திலுள்ள டெர் பி 1 என்ற நொதி, படலச் செல்களின் பிணைப்பை அறுக்கிறது. அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 ஆகிய அபாயச் சமிக்ஞைகளை வெளியிடும். உடனே ஐஎல்சி2, டிஎச்2 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வேலையைத் தொடங்கும்: ஐஎல்-5 ஈசினோஃபில்களை வளர்க்கும், ஐஎல்-13 சளியைக் கூட்டும், ஐஎல்-4 ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் உருவாக வைக்கும். எல்லா ஆஸ்துமாவும் இந்த வழியில் வருவதில்லை.

டொங்காட்டிலிருந்து: கரும்புத் தோட்டம் எரிக்கும்போது பையனுக்கு இழுப்பு வருகிறது. புகை ஒவ்வாமையா?

ஒவ்வாமைப் பொருள் அல்ல, எரிச்சலூட்டி. ஆனால் அதே படலத்தைத்தான் புண்ணாக்கும். சாம்பிராணிப் புகையும் அப்படியே. சாமி கோபித்துக்கொள்ளாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: ஆஸ்துமாவுக்கு நீல பம்ப் (இன்ஹேலர்) மட்டும் போதும் என்கிறார் அம்மா.

போதாது. அதிலுள்ள சால்பூட்டமால் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. 2019-லிருந்து ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு அதை மட்டும் கொடுக்க வேண்டாம் என்கிறது. அழற்சிச் சமிக்ஞைகளை அடக்குவது ஸ்டீராய்டு பம்ப், டாக்டரிடம் கேளுங்கள்.

மறுபடி அவரே: டிஎஸ்எல்பியைத் தடுக்கும் ஊசி வந்திருக்கிறதாமே?

டெசெபெலுமாப். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆஸ்துமாவில் கடுமையான வகைக்கு மட்டும். அதற்கு முன் அம்மா பம்பை எப்படி இழுக்கிறார் என்று பாருங்கள்: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.