மேளம் எங்கே உட்காரும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலங்கைமான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தை மாதம் கும்பகோணத்தில் மகளுக்குக் கல்யாணம். தினமும் காலையில் மாடு கறந்து முடித்ததும் அரை மணி நேரம் நாயனத்தில் (நாதஸ்வரத்தில்) வாசித்த சினிமாப் பாட்டுகளை செல்போனில் கேட்பேன். 'சிங்கார வேலனே' கேட்காவிட்டால் அன்றைக்கு எதுவும் ஓடாது. கல்யாணத்திலும் நாலைந்து சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லலாம் என்றேன். என் மைத்துனர் சங்கீதம் தெரிந்தவர். "மங்கல வாத்தியத்தில் சினிமாப் பாட்டா? உங்க ரசனை அவ்வளவுதான்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். மகனோ, முகூர்த்தத்துக்குப் பேருக்கு ஒரு செட் மேளம், வரவேற்புக்கு டிஜே போதும் என்கிறான். இப்போது வருகிற பாட்டுகளில் எனக்கு உயிரே தெரியவில்லை. என் ரசனை மட்டமா? மேளத்தில் சினிமாப் பாட்டு கேட்பது தப்பா? மணமேடைப் பக்கம் வீடியோ கிரேனுக்கு இடம் வேண்டியிருப்பதால் மேளக்காரர்களுக்குச் சாப்பாட்டு ஹால் வாசலில் இடம் பார்த்திருக்கிறோம். வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

ம., வலங்கைமான்

அன்புள்ள ம.,

மகளுக்கு மனமார்ந்த வாழ்த்து.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. மேளத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லலாம். இந்தக் காலத்துப் பாட்டில் உயிர் இல்லை என்ற பேச்சை விடுங்கள், அதைப் பேசி யாரும் கரை சேர்ந்ததில்லை. டிஜே விஷயத்தை நீங்களும் மகனும் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசி வரிதான். சாப்பாட்டு ஹால் வாசலில் மேளமா? விடிந்தால் நாயனம் கேட்கிற மனுஷர், கைகழுவும் தொட்டிக்கும் பந்திக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நாயனக்காரரைக் கொண்டுபோய் உட்கார வைப்பீர்களா? என்ன பாட்டு என்று மைத்துனரோடு மல்லுக்கு நிற்கிறீர்களே, அது யார் காதில் விழப்போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே கோலம்தான். ராகமா சினிமாவா என்று வீட்டில் அடித்துக்கொள்கிறோம். மண்டபத்தில் இரண்டையும் கேட்க விடுவதில்லை.

மைத்துனருக்கு ஒரு வார்த்தை. சங்கீதம் தெரிந்தவர் என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் தெரிந்திருக்கும். திருவாரூரில் பிறந்த அந்த மகான் வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டே 'ஸந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு மேல் நாயனத்தில் யாரைச் சொல்வது? அவரே 1940இல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தவர். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம்தான் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு 'சிங்கார வேலனே' வாசித்தார். இதையெல்லாம் மைத்துனரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிடும்போது சொல்லுங்கள், அவரும் மனசு இளகுவார்.

'சிங்கார வேலனே' ஆபேரி ராகம். ஆபேரியில் சுத்த மத்தியமம் என்கிற 'ம' சுரம் முக்கியமான இடம். பழைய, குட்டையான திமிரி நாயனத்தில் அந்தச் சுரம் நேராகப் பேசாது, மூச்சழுத்தத்தாலும் உதட்டாலும் சரிக்கட்டித்தான் கொண்டுவர வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நீளமான பாரி நாயனத்தில்தான் அது சிரமமில்லாமல் நின்றது. நரசிங்கம்பேட்டை, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிற ஊர். அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்கிக் கடைகிறார்கள். புது மரத்தில் கடைந்தால் காயக் காய வளையும், வெடிக்கும். மாட்டுக் கொட்டகையில் நின்று நீங்கள் கேட்கிற அந்த ஒரு சுரத்துக்கு இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சரி, எந்தப் பாட்டு? நாயனத்துக்கு வார்த்தை கிடையாது. வரிகளின் அழகில் நிற்கிற பாட்டு அதில் பாதியாகிவிடும். அடியில் சுருதி ஒன்றுதான் ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால் கிட்டாரும் பியானோவும் கீழே மாற்றிக்கொண்டே போகிற கார்டுகளின் மேல் நடக்கிற மெட்டு, நாயனத்தில் தனியாக வந்து நிற்கும்போது வெறிச்சோடித் தெரியும். 'இளைய நிலா' எவ்வளவு அருமையான பாட்டு! கிட்டாரை எடுத்துவிட்டு வாசித்துக் கேளுங்கள், பாதி போயிருக்கும். 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை ராகம். சுரத்தை நீட்டி நிறுத்துகிற கார்வைகள், வளைந்து இறங்கும் பிடிகள், எல்லாம் நாயனத்துக்கே செய்தது போல உட்காரும். நீட்டிப் பாடுகிற இடம் இருக்கிறதா, ஒரு ராகத்தின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள், போதும். ஒரே சுரத்தில் சொற்களைப் படபடவென்று கொட்டுகிற பாட்டு என்றால் வரிக்கு வரி துத்துகாரமாக நாக்கால் வெட்டி வெட்டி ஊத வேண்டும். உதடு சீக்கிரம் களைத்துவிடும், அடுத்து வருகிற மாலை மாற்றலுக்கு நாதம் மெலியும். பெண் குரலில் 5 கட்டை சுருதியில் கேட்ட பாட்டு, 2 அல்லது 2½ கட்டை பாரி நாயனத்தில் தணிந்துதான் வரும். 'ரெக்கார்டில் இருக்கிற மாதிரி இல்லையே' என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

நாலைந்து பாட்டு என்று நிறுத்திக்கொண்டீர்கள், அது சரியான அளவு. அச்சாரம் கொடுத்தாகிவிட்டது என்றால் இந்த வாரமே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாயனமும் ஒரே பிடியில் போக வேண்டும், தவில்காரருக்கு நடை தெரிய வேண்டும். கல்யாணத்தன்று வாசிப்புக்கு நடுவில் நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாட்டுப் பேரைக் கத்துகிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. உங்கள் வீட்டில் அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவரைப் பந்தி விசாரிக்க அனுப்பிவிடுங்கள்.

இனி இடம். இதைத்தான் நான் விடப்போவதில்லை.

இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. இவ்வளவு பேருக்கும் குறைந்தது பத்தடிக்கு ஆறடி வேண்டும். தவில்காரருக்கு வலது முழங்கை தட்டாமல் மூன்றடி அகலம் தேவை. ஓரடி உயர மேடை, மேலே ஜமுக்காளம். மணமேடைக்குப் பக்கவாட்டில், பதினைந்து இருபது அடிக்குள், சற்றே சபையைப் பார்த்துத் திரும்பின மாதிரி. நாயனக்காரர் கண்ணுக்கு மாப்பிள்ளையின் கை தெரிய வேண்டும். கெட்டிமேளத்துக்கு வாத்தியார் விரலை ஆட்டுவது அவருக்குத்தான். சாப்பாட்டு ஹால் வாசலில் உட்கார வைத்தால் அங்கிருந்து ஒருவர் கத்தி, இன்னொருவர் ஓடிவந்து சொல்லி, தாலி ஏறி இரண்டு முடிச்சு விழுந்த பிறகுதான் மேளம் கொட்டும். அந்த நேரத்தில் தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளமே வைத்தார்கள். கிரேன் வேண்டுமென்றால் நடைபாதையின் பின்பக்கம் நிற்கட்டும். அதன் கை நீளமானது, கேமராவில் ஜூம் இருக்கிறது. நாயனத்துக்கு ஜூம் கிடையாது.

அந்த வாசலில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஒரு பக்கம் ஹாலின் ஏசிக் காற்று, இன்னொரு பக்கம் சோற்றுக் குண்டானின் ஆவி. இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று பாருங்கள்.

நாயனத்தின் உச்சியில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி இருக்கிறதே, அது காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்தது. திருவாவடுதுறைச் சீவாளிக்குப் பேர் அதிகம். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் நாயனக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? நாயனத்தில் நூல் கட்டித் தொங்குகிற நாலைந்து சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாய் ஓரத்தில் ஒதுக்கி ஊற வைப்பார். ஊறியதும் அதன் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிளவு அதிகம் திறந்திருந்தால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்துவார், மூடியிருந்தால் கூடவே தொங்குகிற ஊசியால் திறப்பார். சீவாளியை மட்டும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நாயனத்தின் மேல்முனையில் இருக்கிற கெண்டை என்ற உலோகக் குழாயில் செருகுவார். அந்த ஈரமும் அந்தப் பிளவும்தான் நாதம். ஏசி நேராக முகத்தில் அடித்தால் சீவாளி உலர்ந்து குரல் கம்மும், திடீரென்று கிறீச்சிடும். குளிரில் குழலின் சுருதியும் இறங்கும். சுருதிப் பெட்டி இறங்காது. சீவாளியைக் கெண்டைக்குள் ஒரு நெல்லளவு தள்ளினால் சுருதி ஏறும், ஆனால் எவ்வளவுதான் தள்ளுவது? 'என்ன, நாயனம் சுருதி சேரவில்லையே' என்று முன்வரிசையில் பேசிக்கொள்வார்கள். ஏசியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நிற்கிற ஃபேனை எதிரே வைப்பதும் இதே கதைதான். ஃபேன் வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் வையுங்கள்.

தவிலுக்கு எதிரி ஆவி. பலா மரத்தில் குடைந்த கட்டையின் இரண்டு பக்கமும் தோல். ஈரம் குடித்தால் தோல் தொய்யும், வலது பக்கத் தோலான வலந்தலையின் கணீர் போய் 'பொத்' என்று விழும். இப்போது வாருக்குப் பதில் ஸ்டீல் வளையமும் நட்டும் வந்துவிட்டதால் ஸ்பானரால் முறுக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டுக்குப் பாட்டு முறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? விரல்களில் போட்டிருக்கிற கூடு, துணியும் மாவுப் பசையும் சுற்றிக் காயவைத்துச் செய்தது. அதுவும் ஈரத்தில் இளகும்.

அடுத்து மைக்செட். நாயனம் நாலு வீதிக்கும் கேட்கப் பிறந்த வாத்தியம். முந்நூறு பேர் உட்காரும் ஹாலில் அதற்கு மைக்கே வேண்டாம். பெரிய மண்டபம், வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எல்லா மைக்செட்காரரும் செய்வது போல நாயனத்தின் அடியில் விரிந்திருக்கிற அணசுக்குள் மைக்கை நுழைக்க விடாதீர்கள். நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கிற ஒவ்வொரு துளை வழியாகவும் வருகிறது. அணசுக்குள் மைக் இருந்தால் சில சுரம் இடிக்கும், சில சுரம் காணாமல் போகும். நாயனத்தின் நடு உடலைப் பார்த்த மாதிரி, மூன்று நான்கு அடி தள்ளி ஒரு மைக். தவிலுக்குத் தனி மைக் வேண்டாம், முன்னால் பொதுவாக ஒன்று போதும். ஸ்பீக்கர் அவர்களுக்கு முன்னால் சபையைப் பார்த்து இருக்கட்டும், பின்னால் இருந்தால் ஊளையிடும். ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சன்னலும் இருக்கிற மண்டபத்தில் நாயனம் காதைக் குத்துகிறது என்று சொல்கிறவர்கள் உண்மையில் சொல்வது இந்த ட்ரெபிளைத்தான். முக்கியமாக, மேளம் வாசிக்கும்போது வாசலில் குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடக் கூடாது. இரண்டு சுருதி ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் எந்த வித்வானாலும் வாசிக்க முடியாது.

சாப்பாடு. முகூர்த்தம் 6–7½ என்றால் அவர்கள் ஐந்துக்கே உட்கார வேண்டும். நாலரைக்குக் காபியும் இரண்டு இட்லியும் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பாருங்கள், சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிடாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து ஊத முடியாது. முழுச் சாப்பாடு வாசிப்பு முடிந்ததும், உங்கள் சம்பந்தி உட்காருகிற பந்தியிலேயே இலை போடுங்கள். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

நீங்கள் ஆசைப்பட்ட பாட்டுகளை முகூர்த்த நேரத்தில் திணிக்க வேண்டாம். முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். முதலில் அவர்கள் விருப்பப்படி ஒரு ராகம், ஒரு கீர்த்தனை வாசிக்கட்டும், மைத்துனர் முன்வரிசையில் உட்காரட்டும். அதற்குப் பிறகு உங்கள் பட்டியல். 'சிங்கார வேலனே' கடைசியில் வரட்டும். அதற்குள் சீவாளி நன்றாகப் பதமாகியிருக்கும்.

மகனுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். டிஜே கேட்கிற பையனுக்கு மிக்ஸர் பெட்டியில் எந்தக் குமிழ் எதற்கு என்று தெரிந்திருக்கும். முகூர்த்தத்தன்று காலையில் அவனை மைக்செட்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம் ஊர் மைக்செட்காரர்கள் நாயனத்துக்கு எக்கோ வைக்காமல் இருக்க மாட்டார்கள். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கெட்டிமேளம் முடிகிறவரை அந்தக் குமிழில் யார் கையும் படாமல் அவன் பார்த்துக்கொள்ளட்டும்.