கேள்வி–பதில்: ஹிரோஷிமாவில் எழுந்த பேராலயம்

கேள்வி: ஐயா, அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பெரிய கத்தோலிக்கப் பேராலயம் ஒன்று கட்டப்பட்டதாக அறிந்தேன். மக்கள் தலைக்குக் கூரையின்றித் தவித்த ஊரில் அத்தனை செலவில் ஆலயம் எழுப்பியது முறையா? பணம் எங்கிருந்து வந்தது?
– வாசகர், வடக்கன்குளம்

பதில்: இந்தக் கேள்வி என்னையும் நெடுநாள் உறுத்தியது. 1945 ஆகஸ்ட் 6 காலையில், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவில், நோபோரிச்சோ பங்கு இல்லத்தில் இருந்தவர் இயேசு சபைக் குரு ஹ்யூகோ லாசால். ஜெர்மனியில் பிறந்து, 1929 முதல் ஜப்பானில் பணியாற்றியவர். உடலில் கண்ணாடிச் சில்லுகள் தைத்த நிலையில் அவர் உயிர் பிழைத்தார். பங்குக் கோவில் எரிந்துபோனது. மறு ஆண்டே ரோமுக்குச் சென்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸைச் சந்தித்து ஆதரவு பெற்றார். பிறகு நாடு நாடாகச் சென்று கையேந்தினார்.

அவர் கேட்டது அவ்வூரின் சிறிய பங்குக்கு ஒரு கோவில் மட்டும் அன்று. உடலும் கிடைக்காமல், கல்லறையும் இல்லாமல் மறைந்துபோன அத்தனை பேருக்காகவும் மன்றாட ஓரிடம் வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். அதற்கென்றே வெளிநாட்டிலும் ஜப்பானிலும் திரட்டிய காணிக்கையில் எழுந்த ஆலயம் அது என்பதால், வீடிழந்தவர்களின் பங்கைப் பறித்துக் கட்டினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறந்தவர்களுக்காக அழ ஓரிடம் வேண்டும் என்பதும், இருப்பவர்களின் பசியைப் போலவே, காத்திருக்க முடியாத தேவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1950 ஆகஸ்ட் 6 அன்று பணி தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொரியப் போர் மூண்டிருந்தது. அதனால் ஜப்பானில் கட்டுமானப் பொருள்களின் விலை ஏறிவிட, திரட்டிய தொகை போதாமல் போய், வேலை இழுத்துக்கொண்டே சென்றது. ஒரு போரின் அழிவை நினைவுகூரும் ஆலயத்தை இன்னொரு போரின் விலைவாசி தடுத்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1954 ஆகஸ்ட் 6 அன்று, ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

கேள்வி: அந்த ஆலயத்தின் மணிகளைத் தந்தது ஓர் ஆயுத ஆலை என்பது உண்மையா?
– வாசகி, மணப்பாடு

பதில்: உண்மை. கோபுரத்தில் உள்ள நான்கு மணிகளும் ஜெர்மனியின் போகும் (Bochum) என்னும் நகரத்து எஃகு ஆலையின் கொடை. வார்ப்பெஃகில் மணி செய்வதில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற அவ்வாலை, போர்க்காலத்தில் ஆயுதங்களையும் வார்த்தது. ஆர்கன் என்னும் இசைப்பேழை கொலோன் நகரத்திலிருந்தும், வெண்கலக் கதவு டுசல்டார்ஃபிலிருந்தும், பலிபீடம் பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. கொலோனும் டுசல்டார்ஃபும் குண்டுவீச்சில் தரைமட்டமான நகரங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்கள் ஊர் ஆலயங்களே பாழடைந்து கிடக்க, அந்த மக்கள் தொலைதூர ஊர் ஒன்றுக்குக் கதவு அனுப்பினார்கள்.

கேள்வி: கட்டடத்தை வடிவமைத்தவர் யார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 1948இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசுக்கு எவரும் தகுதி பெறவில்லை என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள்; கடைசியில் நடுவர்களுள் ஒருவரான டோகோ முரானோவே வடிவமைத்தார். அது அன்று கண்டனத்துக்கு உள்ளானது; அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆயினும் அவர் ஊதியம் பெறாமல் அப்பணியைச் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் பரிசு பெற்ற கென்சோ டாங்கே பின்னர் அதே ஊரில் அமைதி நினைவு அருங்காட்சியகத்தை உருவாக்கினார். 2006இல் இரண்டு கட்டடங்களும் ஒருசேர நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாக அறிவிக்கப்பட்டன.

ஆலயத்தின் சுவரை அருகில் சென்று பார்ப்பவருக்கு முரானோவின் கை தெரியும். கான்கிரீட் சட்டங்களுக்கு இடையே அடுக்கப்பட்டவை, ஹிரோஷிமா ஆற்று மணலைக் கொண்டு அந்த இடத்திலேயே செய்த சாம்பல்நிறக் கற்கள். சில கற்கள் வெளியே துருத்தி நிற்கும், சில உள்வாங்கியிருக்கும். இடையில் பிதுங்கிய சாந்தையும் அவர் வழித்தெடுக்க விடவில்லை.