ஜாஸ் காலத்து அமெரிக்கா: கேள்வி பதில்

1920களின் அமெரிக்காவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பழைய இசைத்தட்டுப் பைத்தியம் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பதில்களும் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுவிலக்கு இருந்த காலத்தில்தான் எல்லாரும் கோப்பையும் கையுமாக இருந்ததாகப் படங்களில் காட்டுகிறார்கள். எப்படி சார்?

பதில்: சட்டத்திலேயே ஓட்டை இருந்தது. 1920 ஜனவரியில் வந்த தடை, மது தயாரிப்பதற்கும் விற்பதற்கும் கொண்டுபோவதற்கும்தான். குடிப்பது குற்றமில்லை. முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்த பணக்காரர்கள் நிம்மதியாகக் குடித்தார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே விஸ்கி கிடைக்கும். மற்றவர்களுக்கு ஸ்பீக்கீசி எனப்பட்ட திருட்டு மதுக்கடைகள். ஏழைக்குக் கிடைத்தது பெரும்பாலும் தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடி வடித்த சரக்கு. அதை யாரும் குடிக்கக் கூடாதென்று மெத்தனால் கலக்க வைத்த அரசு, 1926 முடிவில் அதன் அளவையும் கூட்டியது. மெத்தனால் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1933 டிசம்பரில்தான் தடை நீங்கியது.

கேள்வி: முதல் ஜாஸ் இசைத்தட்டு ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குடையதா?

பதில்: இல்லை. 1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் நியூயார்க்கில் பதிவு செய்தது. ஐந்து பேரும் வெள்ளையர்கள், ஊர் கறுப்பின மக்களிடம் ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ். யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது ஊர்ப் பெயரிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, 1923ல் பதிவான கிங் ஆலிவர் குழுவைக் கேட்டேன். டிரம்ஸே இல்லை, கொட்டாங்கச்சியைத் தட்டுவதுபோல டொக் டொக் என்று மட்டும் கேட்கிறது. என் பிரதி கெட்டுப்போனதா?

பதில்: உங்கள் பிரதி நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது மைக் கிடையாது. பெரிய குழாய் ஒன்றின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் மரக்கட்டையைத் தட்டச் சொன்னார்கள். ஆலிவர் வாசித்தது கார்னெட், ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி. ஆம்ஸ்ட்ராங் அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட். அவருடைய ஊதல் ஆலிவரை அமுக்கிவிடும் என்பதால் தூரத்து மூலையில் நிறுத்திவிட்டார்களாம். பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னது இது. (மறு வருடம் ஆம்ஸ்ட்ராங்கையே மணந்துகொண்டவர்!) தட்டு வெளியிட்ட ஜெனட் கம்பெனியின் ஸ்டுடியோ இருந்தது இண்டியானாவின் ரிச்மண்டில், ஒரு பியானோ தொழிற்சாலைக்குள். பக்கத்தில் தண்டவாளம், ரயில் போனால் வாசிப்பை நிறுத்தி உட்கார வேண்டும். இதில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம் ஒன்று உண்டு. அதே ஜெனட் கம்பெனிதான் அந்த வருடங்களில் கறுப்பினத்தவரை வெறுத்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆட்களுக்கும் பணம் வாங்கிக்கொண்டு தட்டு அடித்துக் கொடுத்தது. 1925ல் மைக் வந்த பிறகுதான் இந்த இசை ஓரளவாவது முழுதாக நமக்குக் கேட்கிறது.

கேள்வி: ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் வாசித்த காட்டன் கிளப், கறுப்பின மக்களின் கிளப்தானே?

பதில்: இருந்தது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில். மேடையில் ஆடியவர்களும் பாடியவர்களும் கறுப்பினத்தவர். உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளையர்கள். முதலாளி ஓனி மேடன் சாராய தாதா. 1927 டிசம்பரில் எலிங்டன் அங்கே சேர்ந்தார். அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்பு அவரை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. அதே லெனாக்ஸ் அவென்யூவில் கொஞ்ச தூரத்தில் சவோய் நடன அரங்கம், 1926ல் திறந்தது. அங்கே யாரும் யாருடனும் ஆடலாம். லிண்டி ஹாப் அந்தத் தரையில் வளர்ந்த ஆட்டம். போவதென்றால் நான் சவோய்க்குத்தான் போயிருப்பேன்.

கேள்வி: பாப் என்று குட்டையாக வெட்டிய முடி, முழங்கால் பாவாடை... எல்லாப் பெண்களும் அப்படியா?

பதில்: நகரத்துப் பெண்கள்தான் அதிகம், அதுவும் சொந்தச் சம்பளம் வாங்கிய இளவயதுக்காரிகள். முடி வெட்டிக்கொள்ள ஆண்கள் சலூனிலேயே போய் உட்கார்ந்தார்கள். 1920ல் வாக்குரிமையும் வந்தது; ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களைச் சாவடிப் பக்கமே அண்ட விடவில்லை.

கேள்வி: அன்று அங்கே இந்தியர்கள் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள், குறைவாக. பகத் சிங் திண்ட் (நமக்குத் தெரிந்த பகத் சிங் இல்லை, வேறு ஒருவர்) முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார், ஆகவே குடியுரிமை இல்லை என்று 1923ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள்.

கேள்வி: கிங் ஆலிவர் பிற்பாடு என்ன ஆனார்?

பதில்: ஈறு கெட்டுப் பல் போனது, கார்னெட் ஊதுகிறவருக்குப் பல் போனால் பிழைப்பே போச்சு. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு தட்டு விற்பனையும் படுத்துவிட்டது. கடைசியில் ஜார்ஜியாவின் சவானாவில் ஒரு பொழுதுபோக்குக் கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். 1937ல் அந்த ஊருக்கு வாசிக்கப் போன ஆம்ஸ்ட்ராங், தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த தன் குருவைப் பார்த்துக் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு மேடை ஓரம் திரும்பிப் பார்த்தால், பழைய நாள்போலப் பளிச்சென்று உடுத்திக்கொண்டு ஆலிவர் நிற்கிறார். மறு வருடம் ஏப்ரலில் இறந்துபோனார்.