அப்பாவுக்கு சிபாப் மெஷின்: பழசு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். குறட்டையும் பகல் தூக்கமும் அதிகமாகவே, சேலத்தில் ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். ஏஎச்ஐ 38. டாக்டர் சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) வைக்கச் சொல்லிவிட்டார். கடையில் ஆட்டோ மெஷின் 52,000 ரூபாய் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய மெஷினை 14,000-க்குத் தருகிறாராம். எதை வாங்குவது? இன்சூரன்ஸில் பணம் வருமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: ஏஎச்ஐ 38 என்றால், தூக்கத்தில் மணிக்கு 38 தடவை அப்பாவுக்கு மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலைதான். தள்ளிப்போடாதீர்கள்.

பழசு வேண்டாம். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்திருந்த ஃபோம் நைந்து, துகள் மூச்சோடு போகலாம் என்பதுதான் காரணம். கைமாறி வரும் மெஷின் அந்த வரிசையைச் சேர்ந்ததா, எத்தனை மணி நேரம் ஓடியது என்று நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

மெஷின் விலையைவிட மாஸ்க்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என் அம்மாவுக்கு வாங்கியபோது கடை நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிப் பார்த்தோம், கச்சிதமாக இருந்தது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததும் மூக்கோரத்தில் காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடித்தது. காலையில் கண் செக்கச்செவேலென்று இருந்தது. பாக்கெட் பிரித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே அப்பாவைப் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, புரண்டு படுக்கச் சொல்லிப் பாருங்கள். வாயைத் திறந்து தூங்குபவர் என்றால் மூக்கு மட்டும் மூடும் மாஸ்க் பெரும்பாலும் சரிப்படாது. ஒரு வாரமோ ஒரு மாதமோ வாடகைக்குத் தருவீர்களா, வாங்கினால் வாடகையைக் கழிப்பீர்களா என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள்.

ஆட்டோ நல்லதுதான், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். ஆனால் அது அப்பாவுக்குப் பொருந்துமா, அழுத்தம் எவ்வளவு என்பதை டாக்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் சொல்வது போதாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு. புது மெஷின்கள் பலவும் அதற்குத் தாமே சரிசெய்துகொள்ளும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். மார்கழிக் குளிரில் ஈரப்பதத் தொட்டியிலிருந்து வரும் ஆவி குழாயில் நீராகி மூக்கில் சொட்டும். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாய்க்குத் துணி சுற்றுங்கள். கரண்ட் போகும் ஊர் என்பதால் இன்வெர்ட்டர் அவசியம். அதில் ஓடும்போது தொட்டியின் ஹீட்டரை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

இன்சூரன்ஸ்: பெரும்பாலான பாலிசிகளில் இந்த மெஷினுக்குப் பணம் தருவதில்லை. நம்பி இருக்காதீர்கள், ஆனாலும் எழுதிக் கேளுங்கள். தவணை என்றால் 'வட்டியில்லை' என்பதோடு நிற்காமல் பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பில் அப்பா பெயரில், சீரியல் நம்பரோடு இருக்கட்டும். வாரண்டியில் குளறுபடி வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்; சேலத்திலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்று. பகலில் கண்ணயர்பவர் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டக் கூடாது. மெஷின் வைத்துத் தூங்கி, டாக்டர் பார்த்து ஓட்டலாம் என்று சொல்லும்வரை ஜீப் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும், அம்மா.